முற்றத்து மரமும் பற்றரி வாளும்

மாரி தொடங்குமுன் ஒருநாள் காலையில் முற்றத்தில் நின்று உங்கள் வீட்டு மரங்களைச் சற்று அண்ணாந்து பாருங்கள். வேம்பின் கொப்பொன்று ஓட்டின்மேல் சாய்ந்திருக்கும். மாமரத்தில் பட்டுப்போன கிளையொன்று விழுவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வேலியோரத்துக் கிளிரிசீடியா அடுத்த வளவுக்குள் பாதி போயிருக்கும்.

திருகோணமலையில் குடியிருப்பவர்களுக்கு மழையைவிடக் காற்றுத்தான் பயம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல், அங்கே போகுமுன் நமது கரையைத்தான் அடித்துவிட்டுப் போனது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஒரு புயல் நமக்கு அருகிலேயே கரையேறியது. 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு ‘புரெவி’ நகரத்துக்கு வடக்கே தரைதட்டியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’வைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, அந்தச் சேறு காய்ந்தாலும் நினைவு காயவில்லை. ஒவ்வொரு தடவையும் காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் எல்லோர் வாயிலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: “மரம் வெட்டுகிற ஆள் யாரும் இருக்கா?” அந்த ஆளோ அன்றைக்குப் பத்து வீட்டுக்கு வேண்டியவராக இருப்பார்.

நம் வீடுகளில் பலவற்றில் ஆண்பிள்ளை கத்தாரிலோ சவூதியிலோ இருக்கிறார். வீட்டில் இருப்பது உம்மாவும், நீங்களும், படிக்கிற பிள்ளைகளும். ஆகவேதான் பற்றரியில் ஓடும் சங்கிலி வாள் நம் பெண்கள் பேச்சிலும் வந்துவிட்டது. “கையில் பிடிச்சு சுவிட்சை அமத்தினா வெட்டுமாமே ராத்தா, நமக்குச் சரிவருமா?” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. சரிவரும், ஆனால் எல்லா வீட்டுக்கும் அல்ல, எல்லா மரத்துக்கும் அல்ல.

ஒரு வேடிக்கையான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காட்டையே அழிக்கிற இந்தச் சங்கிலி வாள், பிறந்தது பிரசவ அறையில்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்கொட்லாந்து மருத்துவர்களான ஜோன் எயிட்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இருவரும் பல் வைத்த சிறு சங்கிலியை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். பிள்ளை பிறக்க வழியில்லாமல் தாய் தவிக்கும்போது இடுப்பெலும்பின் மூட்டைப் பிரிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. மயக்க மருந்து இல்லாத காலம். அந்தத் தாய்மாரை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மரத்துக்கு அது வந்தது பிறகுதான். ஜேர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் செய்த முதல் வாள் மின்சாரத்தில்தான் ஓடியது, பெற்றோலில் அல்ல. நிறை 64 கிலோ; இரண்டு பேர் தூக்கவேண்டும். இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் ஜோசப் கொக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிக்கட்டையொன்றில் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதைக் கண்டு, அதே மாதிரியில் சங்கிலிப் பல்லை அமைத்தார். இன்று நீங்கள் கடையில் காணும் சங்கிலியும் அந்தப் புழுவின் வேலையைத்தான் செய்கிறது.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். வாங்கவேண்டுமா என்பதே முதற் கேள்வி. முருங்கையை வெட்ட இயந்திரம் தேவையில்லை; அது கத்தியின் முகத்தைக் கண்டாலே ஒடிந்துவிடும். தென்னோலைக்குக் கொக்கத்தடி போதும். தேசி, மாதுளை, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு மடக்கி வைக்கும் கைவாள் ஒன்று தாராளம். மணிக்கட்டுத் தடிப்பைத் தாண்டிய கொப்புகள் வருடத்துக்கு ஐந்தாறு தடவையாவது வெட்ட வேண்டியிருந்தால், அல்லது விறகுக்குக் கட்டை துண்டுபோட வேண்டியிருந்தால் மட்டுமே பற்றரி வாளைப் பற்றி யோசியுங்கள். அதிலும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்குவது புத்தி. வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் அது அலுமாரியில்தான் இருக்கப்போகிறது.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, ஒரு கையால் பிடிக்கும் சின்ன வாள். தகடு 4 முதல் 6 அங்குலம். நிறை ஒன்று, ஒன்றரைக் கிலோ. மற்றது, இரண்டு கையாலும் பிடிக்கும் சரியான சங்கிலி வாள். தகடு 10, 12 அங்குலம். பற்றரியோடு மூன்று நான்கு கிலோ வரும். பார்த்தவுடன் சின்னதுதான் பெண்களுக்கு ஏற்றது என்று தோன்றும். கடைக்காரரும் அப்படியே சொல்வார். ஆனால் ஒரு விஷயம்: பெரிய வாளில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்புத் தட்டு இருக்கும். வாள் துள்ளினால் அந்தத் தட்டு உங்கள் கையில் பட்டு, சங்கிலி கண்ணிமைக்குமுன் நின்றுவிடும். சின்ன வாள்களில் பெரும்பாலும் இது இல்லை. அதோடு, ஒரு கையால் வாளைப் பிடித்தால் மற்றக் கை சும்மா இராது; கொப்பைப் பிடிக்கப் போகும். விரல் போவது அப்படித்தான். சின்னதை வாங்கினாலும் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்களில் ஏமாறாதீர்கள். 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று பெட்டிகள் மூன்று விலையில் இருக்கலாம். மூன்றும் ஒன்றே! உள்ளே ஐந்து லித்தியம் கலங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாதாரணமாக 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18. முழுதாக ஏற்றியவுடன் ஒவ்வொன்றும் 4.2, அப்போது 21. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், இன்னொருவர் மற்றதைச் சொல்கிறார், அவ்வளவுதான். 48, 88 என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டு, பற்றரியைப் பார்த்தால் உள்ளங்கையளவு இருக்கும் பொருட்களை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

பார்க்கவேண்டியது வோல்ட்டையும் அம்பியர் அவரையும் பெருக்கி வரும் தொகையை. 18 வோல்ட், 2 அம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். 5 அம்பியர் அவர் என்றால் 90. வாள் உழைக்கும்போது 600 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 90 வாட் அவர் ஒன்பது நிமிடத்துக்கு வரும். ஒன்பது நிமிடமா என்று முகம் சுளிக்காதீர்கள். சங்கிலி கட்டையில் பட்டுக்கொண்டிருக்கும் நேரம் மட்டுமே கணக்கு. கொப்பை இழுத்துப் போடுவதும் வியர்வை துடைப்பதும் கணக்கில் இல்லை. வீட்டு வேலைக்கு ஒரு காலைப் பொழுது அதில் போய்விடும். 2 அம்பியர் அவர் பற்றரியோ தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும்.

மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் உள்ள ஹாட்வெயார் கடைகளில் கேட்கும்போது, வீட்டில் ஏற்கனவே இருக்கும் துளைக்கும் மெசினின் பற்றரி இதற்கும் பொருந்துமா என்று கேளுங்கள். மக்கிடா, பொஷ், இங்கோ, டோட்டல் என்று எந்தக் கம்பனியானாலும் ஒன்றின் பற்றரி பெரும்பாலும் மற்றதற்குச் சேராது. ஆனால் ஒரே கம்பனியின் ஒரே வரிசைப் பொருட்களுக்குள் மாற்றிப் போடலாம். பற்றரி இல்லாமல் வாளை மட்டும் வாங்கினால் செலவில் நல்ல பங்கு மிச்சம். மாற்றுச் சங்கிலி இதே கடையில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

“மச்சான் வரும்போது அங்கிருந்து கொண்டுவருவார்” என்று சொல்லும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. விமானத்தில் தனிப் பற்றரியைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது, கைப்பையில்தான் வரவேண்டும். 100 வாட் அவர் வரை தடையில்லை. 100-க்கும் 160-க்கும் இடைப்பட்டதென்றால் விமானக் கம்பனியிடம் முன்கூட்டி அனுமதி எடுக்கவேண்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏறவே ஏறாது. 18 வோல்ட் 5 அம்பியர் அவர் வரும். 36 வோல்ட் 4 அம்பியர் அவர் அனுமதியோடு வரும். 40 வோல்ட் 5 அம்பியர் அவர் 200 வாட் அவராகிறது, அது டோஹா விமான நிலையத்திலேயே நின்றுவிடும். வாள் பெட்டிக்குள் போகவேண்டும். இன்னொன்று, நம் நாட்டில் மரக் கடத்தல் காரணமாகச் சங்கிலி வாள் விஷயத்தில் அரசாங்கம் கவனமாக இருக்கிறது. 2019-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவற்றின் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது சிலருக்கு நினைவிருக்கும். விதிகள் மாறி மாறி வருவதால், கொண்டுவருமுன் சுங்கத்திலும், இங்கே வாங்கினால் பதிவு தேவையா என்று பொலிஸ் நிலையத்திலும் வனத் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டு, கடைப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மரத்தின் சட்டத்தையும் சொல்லவேண்டும். 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. கிராம சேவகரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். தென்னையைத் தறிப்பதானாலும் முதலில் அங்கே கேட்டுவிடுங்கள். கொப்பு வெட்டுவது வேறு, மரத்தைத் தறிப்பது வேறு. நமது கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் வேம்பின் நிழல் இல்லாவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே மனிதர் இருக்க முடியாது. காற்றுப் பயத்தில் மரத்தையே சாய்த்துவிடுகிறவர்கள் அடுத்த ஆனி ஆடியில் வருந்துவார்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு: பாரத்தைக் குறையுங்கள், மரத்தை விடுங்கள்.

எந்த மரம் என்பதும் முக்கியம். பூவரசு, முள்முருக்கு, மா இவற்றில் வாள் வெண்ணெயில் போவதுபோல் போகும். வேம்பு சற்று இறுக்கம். பாலை, முதிரை, சாவண்டலை போன்றவை வேறு சாதி. ஆங்கிலேயர் காலத்தில் ‘திருகோணமலை மரம்’ என்று வெளிநாட்டுச் சந்தையில் நம் ஊர்ப் பெயரால் விற்கப்பட்டது இந்தச் சாவண்டலைதான். அலையில் அடிபடும் மசூலாப் படகு செய்ய இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறிய மரம். காய்ந்த பாலைக் கட்டையை வீட்டுப் பற்றரி வாளால் அறுக்கப் போனால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். பனை, தென்னை அடிமரங்களின் நார் சங்கிலியை மொட்டையாக்கிவிடும், அவற்றையும் விட்டுவிடுங்கள். வேலியோர மரமென்றால் உள்ளே பழைய முள்ளுக்கம்பியும் ஆணியும் மறைந்திருக்கும். சண்டை நடந்த பக்கங்களில் மரத்துக்குள் குண்டுச் சிதறல்கூட இருக்கும். மர ஆலைக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை.

இனி வெட்டும் விதம். இதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

முதலில் உடை. சங்கிலிக்குத் துணியும் தெரியாது, சதையும் தெரியாது. ஹபாயாவின் தொங்கும் கை, சேலை முந்தானை, கழுத்தில் சுற்றிய சால்வையின் நுனி எல்லாம் ஆபத்து. மகனுடைய தடித்த ஜீன்ஸை உள்ளே போட்டு, கைமுட்டு இறுகிய நீளக்கைச் சட்டையை முழங்காலளவில் அணிந்து, தலைத்துணியை ஊசி குத்தி உள்ளே செருகிவிட்டால் மறைப்புக்கும் குறைவில்லை, வேலைக்கும் தடையில்லை. செருப்பு கூடாது, மூடிய சப்பாத்து வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இது பெற்றோல் மெசின்போல் காதைக் கிழிக்காவிட்டாலும் நெடுநேரம் பிடித்தால் காதில் ஏதும் அடைப்பது நல்லது. பிள்ளைகளும் ஆடு கோழியும் உங்களிடமிருந்து இரண்டு கொப்பு நீளத்துக்கு அப்பால் நிற்கவேண்டும். தனியாக ஒருபோதும் வெட்டாதீர்கள். குரல் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும். சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். களைத்த கையில்தான் விபத்து.

வாளின் நுனியின் மேற்பாதி எதிலும் முட்டக் கூடாது. முட்டினால், சுழலும் சங்கிலி தகட்டை அப்படியே மேலே தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும். இந்தத் துள்ளல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்துவிடும். நீங்கள் சுதாரிக்க அவகாசமில்லை. ஆகவே அடர்ந்த கொப்புக் குவியலுக்குள் நுனியைக் குத்தி விடாதீர்கள். இடது கைப் பெருவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்கவேண்டும். வாளுக்கு நேர் பின்னால் நில்லாமல் சற்று இடப்பக்கம் நில்லுங்கள். தோளுக்கு மேலே வாளைத் தூக்கக் கூடாது. ஏணியில் ஏறி வெட்டுவது வேண்டவே வேண்டாம். நிலத்தில் நின்று எட்டாத கொப்பு உங்கள் கொப்பு அல்ல. அதற்கு ஆள் கூப்பிடுங்கள். நீண்ட தடியில் பொருத்திய பற்றரி வாளும் விற்கிறார்கள். ஆனால் மின்கம்பி போகும் பக்கத்தில் அதைத் தூக்கவே கூடாது. கம்பியில் தொட்டுக்கொண்டிருக்கும் கொப்பை மின்சாரக்காரர் வந்து வெட்டட்டும். எத்தனை நாள் போனாலும் காத்திருங்கள்.

கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், பாதியில் பாரம் தாங்காமல் ஒடிந்து அடிமரத்துத் தோலை உரித்துக்கொண்டு விழும். மரத்துக்கும் புண், உங்களுக்கும் ஆபத்து. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதலில் வெட்டுங்கள். பிறகு அதைவிட இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து வெட்டுங்கள். கொப்பு சுத்தமாக விழும். மிஞ்சிய குற்றியைக் கடைசியில் எடுக்கலாம். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் மடிப்புப்போல் ஒரு தடிப்பு இருக்கும். அதை வெட்டாமல் விட்டால் மரம் தானே புண்ணை மூடிக்கொள்ளும். கீழிருந்து வெட்டும்போது வாள் உங்களைப் பின்னுக்குத் தள்ளும், மேலிருந்து வெட்டும்போது முன்னுக்கு இழுக்கும். முதல் நாள் தரையில் கிடக்கும் கட்டையில் இதைப் பழகுங்கள். அந்தக் கட்டையும் மண்ணில் படாமல் இரண்டு குற்றிமேல் இருக்கட்டும்.

புயலில் விழுந்த மரம் இன்னும் பொல்லாதது. அது செத்துக் கிடக்கவில்லை. வில்லைப்போல் வளைந்து கிடக்கிறது. ஒரு கொப்பு மதிலில் ஊன்றி நிற்கும். இன்னொன்று அடிமரத்தின் பாரத்தில் நசுங்கி வளைந்திருக்கும். வெட்டியவுடன் அது நிமிர்ந்து அடிக்கும் அடியில் பல் தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் கொப்புப் பக்கத்தை வெட்டினால், பாரம் குறைந்த வேர்த்தட்டு திடீரென்று எழுந்து பழைய குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழிக்குள் இறங்கி விளையாடுவது பிள்ளைகளுக்கு ஆசை. இதனால் விழுந்த பெருமரத்தில் உங்கள் வேலை, பாதையை மறைக்கும் மெல்லிய, வளையாத, கையால் அசைத்தால் அசையும் கொப்புகளை எடுப்பது மட்டுமே. கூரைமேல் கிடப்பதைத் தொடாதீர்கள். அறுந்த மின்கம்பி எங்காவது அடியில் கிடக்கலாம் என்ற எண்ணமும் இருக்கவேண்டும்.

தவறிக் காயம் பட்டுவிட்டால் தேயிலைத் தூளும் கோப்பித் தூளும் வைக்காதீர்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி. முதலாவதைப் பிடுங்கக் கூடாது. 1990-க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த எண்ணை வாள் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வெட்டும்போது மரச்சீவல் வந்தால் சங்கிலி கூர். மாவுபோல் தூள் வந்தால் மொட்டை. மொட்டைச் சங்கிலியை அழுத்தி வெட்டுவதால்தான் அதிகம் துள்ளும். இந்த அளவு வாள்களுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் உருண்டை அரம் பொருந்தும்; புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். அம்மியைக் கொத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய வித்தை அல்ல. சங்கிலி தகட்டில் தொய்யாமல், ஆனால் கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓடும்படி இருக்கவேண்டும். சங்கிலியைத் தொடும் எந்த வேலைக்கும் முன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம்.

எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் தகடு நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதற்கென்று விற்கும் எண்ணெயை ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிளில் கழித்த கறுப்பு எண்ணெய் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றினால், அது தெறிப்பது உங்கள் கையிலும் கீரைப் பாத்தியிலும்தான். நமது உப்புக் காற்றில் துடைக்காமல் வைத்த சங்கிலி ஒரு கிழமையில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

பற்றரிக்கு எதிரி வெப்பம். தகரக் கூரைக்குக் கீழே, நிறுத்திய வாகனத்துக்குள், அடுப்படியில் வைக்கக் கூடாது. வேலை முடிந்த சூட்டோடு ஏற்றாமல் ஆறவிட்டு ஏற்றுங்கள். கட்டில்மேல், மெத்தைமேல் அல்ல, சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும் பகலில். நீண்ட நாள் வைப்பதானால் பாதியளவு ஏற்றி வைப்பது நல்லது. வெள்ளத்தில் நனைந்த பற்றரியைக் காயவைத்து மீண்டும் ஏற்றிப் பார்ப்பது தீயைக் கூப்பிடும் வேலை. ஊதிப் புடைத்ததும் அப்படியே. இரண்டையும் வீட்டுக்கு வெளியே எரியாத இடத்தில் வைத்து, விற்ற கடையில் ஒப்படைக்க வழி பாருங்கள்.

வெட்டிய கொப்புகளைத் தெருவில் இழுத்துப் போடாதீர்கள். அடுத்த மழைக்கு வடிகாலை அடைப்பது அவைதான். விறகுக்கானதை ஓரடித் துண்டுகளாக்கி அடுக்குங்கள். இலைகளை ஆடு பார்த்துக்கொள்ளும். நகரத்துக்குள் இருப்பவர்கள் படலையைத் திறந்து வைத்தால் போதும், கோட்டைப் பக்கத்து மான்கள் மாலைக்குள் வந்து மிச்சத்தை முடித்துவிடும்.